மூச்சு விடுகிற கண்: கொன்டாக்ட் லென்ஸின் கதை

இப்ப வருகிற கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு அல்பங்களைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரியும். பெண்ணின் கண் சாம்பல் நிறமாக இருக்கும், இல்லாவிட்டால் தேன் நிறம், சில நேரம் பச்சை. அடுத்த பக்கத்தில் அம்மா, சித்தி, மாமி எல்லாருக்கும் அதே பழைய கறுப்புக் கண்தான். மேக்கப் செய்கிற அக்காமாரின் பெட்டியில் லிப்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் லென்ஸும் வந்து குந்திவிட்டது. ஃபேஸ்புக்கில் ஓடர் பண்ணலாம், ஃபான்சிக் கடையிலும் கிடைக்கும். கம்பஸ் சிநேகிதி ஒருத்தி சொன்னாள், தன்ர சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கலியாணத்துக்குப் போட்ட சோடியை அடுத்த கிழமை இன்னொரு மணப்பெண்ணுக்கும் போட்டார்களாம். கேட்டால் "கழுவித்தானே போட்டது" எண்டு பதில்.

எதில் கழுவினது? கொன்டாக்ட் லென்ஸின் நூற்று முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வரலாற்றில் கனபேரின் பார்வையைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். அதற்கு முதல் இன்னொரு கேள்வி இருந்தது: கண் எப்படி மூச்சு விடுகிறது? இரண்டையும் மனிதர் விளங்கிக்கொண்டது மெதுவாக, பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான். அந்தப் பிழைகளுக்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவர்கள் அல்ல.

கதை லெயொனார்டோ டா வின்சியில் தொடங்குகிறது எண்டு கனக்க இடங்களில் எழுதியிருப்பார்கள். 1508இல் அவர் கொன்டாக்ட் லென்ஸைக் கற்பனை செய்துவிட்டார் எண்டு. எனக்கு இந்த மாதிரி வம்சாவளிகளில் எப்பவும் ஒரு சந்தேகம். லெயொனார்டோ செய்தது, கண்ணுக்குள் ஒளி எப்படிப் போகிறது எண்டு பார்க்க, தண்ணி நிரப்பின ஒரு பாத்திரத்துக்குள் முகத்தை வைப்பது பற்றி எழுதினதுதான். பார்வைக் குறைபாட்டைத் திருத்துகிற எண்ணம் அதில் இல்லை. ஒரு பொருள் பிரபலமானதும் அதற்குப் பெரிய ஆள் ஒருவரைத் தாத்தாவாகத் தேடிப் பிடிக்கிற வேலைதான் இது. 1637இல் டேக்கார்ட் தண்ணி நிரப்பின ஒரு குழாயைக் கண்ணோடு ஒட்டிவைக்கிற யோசனையை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு கண் சிமிட்ட ஏலாது. 1801இல் தோமஸ் யங் ஒரு சின்ன நுணுக்குக்காட்டியின் வில்லையைக் கழற்றி, விளிம்பில் மெழுகு பூசி, தண்ணி விட்டுத் தன் கண்ணிலேயே பொருத்தினார். கிட்டவும் தூரவும் மாறி மாறிப் பார்க்கும்போது மாறுவது கண்ணின் முன்பக்கமா, உள்ளே இருக்கிற வில்லையா எண்டு அறிவதற்கு. உள்ளே இருக்கிற வில்லைதான் எண்டு கண்டும் பிடித்தார். அழகான பரிசோதனை. ஆனால் அதுவும் கொன்டாக்ட் லென்ஸ் இல்லை.

உண்மையில் கண்ணில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் நடமாடின முதல் கண்ணாடி, பார்வைக்காகச் செய்ததே இல்லை. ஜேர்மனியின் வீஸ்பாடனில் செயற்கைக் கண் ஊதிச் செய்கிற முல்லர் குடும்பத்தார் இருந்தார்கள். 1887இல், புற்றுநோயால் இமை அழிந்துபோன ஒருவருக்காக அவர்கள் மெல்லிய கண்ணாடிக் கூடு ஒன்றை ஊதிக் கொடுத்தார்கள். இமை இல்லாத கண் காய்ந்து போகும், காய்ந்தால் பார்வை போகும். அந்தக் கூட்டைப் போட்டு அவர் ஏறக்குறைய 20 வருஷம் அந்தக் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டார். கண்ணுக்கு மேல் வைத்த முதல் கண்ணாடி கண்ணைப் பாதுகாக்க வந்தது எண்டதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம், 1888இல், சூரிச்சில் வேலை செய்த அடொல்ஃப் ஃபிக் எண்ட கண் வைத்தியர் "கொன்டாக்ட்பிறிலே" எண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தொட்டுக்கொண்டிருக்கும் மூக்குக்கண்ணாடி எண்டு கருத்து. இன்றைக்கு நாங்கள் சொல்கிற பெயர் வந்த வழி இது. அவர் முதலில் முயல்களின் கண்ணில் போட்டுப் பார்த்தார், பிறகு தன் கண்ணில், பிறகு சில நோயாளிகளுக்கு. இன்றைய லென்ஸ் மாதிரி கறுத்த முழியை மட்டும் மூடுகிற சின்னப் பொருளாக அதை நினைக்கவேண்டாம். வெள்ளை முழியிலே போய் உட்காருகிற பெரிய கண்ணாடிக் கிண்ணம் அது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் சீனிக் கரைசல் நிரப்பவேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாங்க ஏலாது. ஃபிக் இன்னொன்றையும் கவனித்தார். கொஞ்ச நேரம் போட்டபிறகு பார்வை புகார் மூடின மாதிரி மங்கியது. முயலின் கண்ணும் மங்கியது. கழற்றினால் மெதுவாகத் தெளிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் பரிசில் யூஜின் கால்ட் எண்டவரும், கீல் நகரத்தில் ஓகுஸ்ட் முல்லர் எண்ட மருத்துவ மாணவரும் இதே வேலையில் இருந்தார்கள். இந்த முல்லர் மேலே சொன்ன குடும்பத்துக்காரர் இல்லை. அவருக்குக் கடுமையான கிட்டப்பார்வை, மைனஸ் 14. தனக்காகத்தான் லென்ஸ் செய்தார், 1889இல் அதையே பட்ட ஆய்வாகவும் எழுதினார். அரை மணித்தியாலம்தான் தாங்க முடிந்தது. பிறகு கண் மருத்துவத்தையே விட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர். வெற்றி பெறவில்லை, ஆனால் வலியைத் தன் கண்ணிலேயே அனுபவித்து, அதை அப்படியே எழுதியும் வைத்தார்.

அந்த மங்கலுக்குக் காரணம் என்ன எண்டு விளங்க அறுபது வருஷத்துக்கு மேல் எடுத்தது. ஓஎல் விஞ்ஞானப் புத்தகத்தில் விழிவெண்படலம் எண்டு படித்திருப்போம். கண்ணின் முன்னால் இருக்கிற ஒளி புகும் யன்னல். கோர்னியா எண்டுதான் வைத்தியர்மார் சொல்லுவார்கள். அதற்குள் இரத்தக் குழாய் இல்லை. இருந்தால் ஒளி புகாது. உடம்பின் மற்ற இடங்களுக்கு ஒட்சிசன் இரத்தத்தால் வருகிறது, கோர்னியாவோ கண்ணீரில் கரைந்திருக்கிற ஒட்சிசனைக் காற்றிலிருந்து நேரே எடுக்கிறது. நித்திரை கொள்ளும்போது காற்றுப் படாது, அப்ப இமையின் உட்பக்கத்து இரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். அது குறைவுதான், ஆனால் ஒரு இரவுக்குப் போதும். ஒட்சிசன் தட்டுப்பட்டால் கோர்னியா தண்ணியை உள்ளே இழுத்து வீங்கும், வீங்கினால் மங்கும். 1952இல் ஸ்மெல்சர் எண்ட ஆய்வாளரும் கூட வேலை செய்தவர்களும் கண்ணைச் சுற்றிக் காற்றுப்புகாத கண்ணாடி மாட்டி, அதற்குள் நைதரசனை ஓடவிட்டுப் பார்த்தார்கள். லென்ஸே இல்லை, ஆனால் லென்ஸ் போட்டவர்களுக்கு வருகிற அதே மங்கல் வந்தது. அதாவது ஃபிக்கின் முயல்கள் மூச்சு முட்டி நின்றிருக்கின்றன.

இந்த விடை வருவதற்கு முதலே பொருள் மாறத் தொடங்கிவிட்டது. 1930களில் பேர்ஸ்பெக்ஸ் எண்டு நாங்கள் சொல்கிற பிளாஸ்டிக் வந்தது. பாரம் குறைவு, உடையாது. 1948இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கெவின் டூஹி எண்ட மூக்குக்கண்ணாடிக்காரர் கோர்னியாவை மட்டும் மூடுகிற சின்ன லென்ஸைச் செய்தார். அந்தப் பிளாஸ்டிக்கின் ஊடாக ஒட்சிசன் போகாது. ஆனாலும் லென்ஸ் சின்னதாக இருந்ததால், சிமிட்டும்போது அசைந்து, புதுக் கண்ணீர் அதற்குக் கீழே போய்வந்தது. அந்தக் கண்ணீர்தான் மூச்சு. கடினமான லென்ஸ், உறுத்தும், பழக நாள் எடுக்கும், இரவில் கழற்றியே ஆகவேண்டும். ஒரு விதத்தில் அந்த உறுத்தல் நல்லது எண்டு இப்ப தோன்றுகிறது. கண்ணில் ஒரு அந்நியப் பொருள் இருக்கிறதை அது ஒரு நிமிஷமும் மறக்கவிடாது.

மறக்கவைத்தவர் ஒட்டோ விக்டெர்லே. பிராக் நகரத்து இரசாயனவியலாளர். அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை முழுக்க அவராகவே போய்விடும், அவ்வளவு சுவாரசியமான வாழ்க்கை. 1942இல் நாசிகளின் கெஸ்டாப்போ அவரைப் பிடித்து அடைத்தது. 1958இல் கம்யூனிஸ்ட் ஆட்சியின் களையெடுப்பில் தான் படிப்பித்த நிறுவனத்தில் வேலையை இழந்தார். ஐம்பதுகளில் அவரும் அவருடைய மாணவர் ட்ரஹோஸ்லாவ் லீமும் சேர்ந்து ஒரு புதுப் பொருளைச் செய்திருந்தார்கள்: தண்ணியை உறிஞ்சி ஜெலி மாதிரி மிருதுவாகும், ஒளி புகும், உடம்பு ஏற்றுக்கொள்ளும். இதிலே லென்ஸ் செய்யலாம் எண்டு அவருக்கு நிச்சயம். ஆனால் அச்சில் வார்த்தால் விளிம்பு கிழிந்தது. அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது.

1961 நத்தார் விடுமுறையில், வீட்டில், பிள்ளைகளின் மெர்க்குர் விளையாட்டுப் பெட்டியில் இருந்த இரும்புத் துண்டுகளையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் மணி அடிக்கிற டிரான்ஸ்ஃபோமரையும் வைத்து ஒரு இயந்திரம் பூட்டினார். சுழலுகிற சின்ன அச்சுக்குள் ஒரு துளி திரவம். சுழற்சியின் விசையில் துளி தானாகவே லென்ஸின் வடிவத்துக்கு வந்து இறுகும். முதல் நாள் நாலு லென்ஸ் கிடைத்தது. அடுத்த சில மாதத்தில் அவரும் மனைவி லிண்டாவும் வீட்டு மேசையிலேயே ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள், அவ்வளவு வடிவான கதை. பிறகு நடந்தது அவ்வளவு வடிவில்லை. 1965இல் செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானக் கழகம் உரிமையை ஒரு அமெரிக்கக் கம்பனிக்கு 330,000 டொலருக்கு விற்றது. அந்தக் கம்பனி அதை பௌஷ் அன்ட் லோம்புக்குக் கொடுத்தது. 1971இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது, அதுவும் ஒரு மருந்து எண்ட வகைக்குள் வைத்து. ஒரு கோடிக்கணக்கான டொலர் வியாபாரம் பிறந்தது. 1968இன் பிராக் வசந்தத்தில் கையெழுத்து வைத்ததற்காக 1970இல் விக்டெர்லே மறுபடி பதவி இழந்தார். லென்ஸால் அவருக்குக் கிடைத்த பங்கு அற்பம்.

மிருதுவான லென்ஸ் உறுத்தாது. போட்ட முதல் நாளே பழகிவிடும். தண்ணியை உறிஞ்சுவதால்தான் அது மிருதுவாக இருக்கிறது. அதே குணத்தால் தண்ணியோடு வருகிற மற்றதெல்லாமும் அதில் ஒட்டிக்கொள்ளும். கடினமான லென்ஸில் இல்லாத ஒரு வீட்டுவேலை இதோடு வந்து சேர்ந்தது: ஒவ்வொரு இரவும் கிருமி நீக்கவேண்டும். கரைசல் விலை. அமெரிக்காவில் கனபேர் உப்பு மாத்திரை வாங்கி, வடித்த தண்ணியில் கரைத்து வீட்டிலேயே கரைசல் செய்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் கண் வைத்தியர்மார் ஒரு விசித்திரமான நோயை அடிக்கடி காணத் தொடங்கினார்கள். அகந்தமீபா எண்ட அமீபா. மண்ணிலும் குழாய்த் தண்ணியிலும் குளத்திலும் நீச்சல் தடாகத்திலும் சாதாரணமாக இருக்கிற ஒரு உயிர். கண்ணில் அது நோய் செய்யும் எண்டு முதன்முதலில் பதிவானதே எழுபதுகளில்தான், அதுவும் அரிதாக. இப்ப வந்த நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் லென்ஸ் போடுகிறவர்கள். விசாரித்துப் பார்த்தபோது வீட்டில் செய்த கரைசல் திரும்பத் திரும்ப வந்தது. பார்க்க மூக்குக்கண்ணாடியைக் கழுவுகிற மாதிரித்தான் இருக்கும், ஆனால் அந்த அமீபா நிலைமை பிழைத்தால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு ஒடுங்கி இருக்கும், சாதாரண மருந்து உள்ளே போகாது. மாதக்கணக்கில் மருந்து விடவேண்டும், சிலருக்கு வருஷக்கணக்கில். வலியோ கண்ணில் தெரிகிற புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி எண்டு மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன.

இதே காலத்தில் வியாபாரம் இன்னொரு பக்கம் போனது. கழற்றுவதும் கழுவுவதும்தானே கரைச்சல், கழற்றாமலே விட்டால் என்ன? 1981இல் அமெரிக்காவில் 30 நாள்வரை கழற்றாமல், நித்திரையிலும் போட்டிருக்கிற லென்ஸுக்கு அனுமதி கிடைத்தது. காலையில் எழும்பும்போதே உலகம் தெளிவாகத் தெரியும் எண்டால் யார்தான் விரும்பமாட்டார்கள். ஆனால் இமை மூடியிருக்கும்போது கோர்னியாவுக்கு ஏற்கெனவே ஒட்சிசன் குறைவு, அதற்கு மேல் லென்ஸும் எண்டால்? மேற்தோல் பலவீனப்படும், கண்ணீர் ஓட்டம் இல்லாத இடத்தில் பக்ரீரியா குடியேறும். சூடோமோனாஸ் எண்ட பக்ரீரியா இதில் மிகவும் பொல்லாதது, ஒன்றிரண்டு நாளிலேயே கோர்னியாவைக் கரைத்துவிடக்கூடியது.

1989இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. பகலில் மட்டும் மிருதுவான லென்ஸ் போடுகிறவர்களில் வருஷத்துக்கு 10,000 பேரில் 4.1 பேருக்குக் கோர்னியாப் புண். இரவிலும் போடுகிற வகையில் 20.9 பேர். ஐந்து மடங்கு. மற்ற ஆய்வு, இரவில் உண்மையாகவே போட்டுக்கொண்டு படுக்கிறவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்து, ஆபத்து 10 முதல் 15 மடங்கு எண்டு சொன்னது. அந்த வருஷமே 30 நாள் 7 நாளாகக் குறைக்கப்பட்டது. எட்டு வருஷம் எடுத்திருக்கிறது. 10,000இல் 20 பேர் எண்டால் சின்ன எண்ணிக்கைதானே எண்டு தோன்றலாம். கோடிக்கணக்கான பேர் போடுகிற ஒரு பொருளில் அது சின்ன எண்ணிக்கை இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டாலும் பார்க்கக்கூடியவர்களுக்கு வந்த நோய் எண்டதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

பிறகு ஒரு நம்பிக்கை. மூச்சு முட்டுவதுதான் பிரச்சினை எண்டால், ஒட்சிசனை நன்றாக விடுகிற பொருளில் லென்ஸ் செய்தால் இரவிலும் போடலாமே. தொண்ணூறுகளின் கடைசியில் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் வந்தன. ஒட்சிசன் நன்றாகப் போனது, கண் சிவப்பதும் வீங்குவதும் குறைந்தது. 2001இல் 30 நாள் மறுபடி அனுமதி பெற்றது. ஆனால் 2008இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று எல்லாரையும் யோசிக்கவைத்தது. பகலில் மட்டும் மிருதுவான லென்ஸ் போடுகிறவர்களில் 10,000க்கு 1.9. பழைய வகையை இரவில் போடுகிறவர்களில் 19.5. புது சிலிக்கோன் வகையை இரவில் போடுகிறவர்களில் 25.4. கண் மூச்சு விட்டது, ஆனால் தொற்று குறையவில்லை. ஒட்சிசன் ஒரு பாதிக் கதைதான். அசையாமல் கிடக்கிற கண்ணீர், மூடின இமை, கிருமிக்குக் குடியிருக்க ஒரு மேற்பரப்பு, இதெல்லாம் மற்றப் பாதி. இருபது வருஷம் ஒரு துறை முழுக்க ஒரே விடையை நோக்கி ஓடி, அந்த விடை சரியாகவும் போதாததாகவும் இருந்தது.

இந்தக் கதையில் எங்களுக்குக் கிட்ட நடந்த பகுதி 2005, 2006. ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் கண் வைத்தியசாலைகளுக்கு பியூசேரியம் எண்ட பங்கசால் கோர்னியாப் புண்ணோடு இளம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நகரத்துப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் வழமையாக வராத நோய். சிங்கப்பூரில் 66 நோயாளிகள் பதிவானார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே கம்பனியின் கரைசலைப் பாவித்திருந்தார்கள்: பௌஷ் அன்ட் லோம்பின் ரீனியூ. 2006 பெப்ரவரியில் சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் விற்பனை நின்றது. அமெரிக்காவில் ஏப்ரல்வரை விற்றுக்கொண்டிருந்தது. மே 15ஆம் திகதிதான் ரீனியூ வித் மொயிஸ்சர்லொக் எண்ட அந்தக் கரைசலை உலகம் முழுக்க மீளப்பெற்றார்கள். அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 164 பேர், அவர்களில் 34 சதவீதமானவர்களுக்குக் கோர்னியா மாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது.

போத்தலுக்குள் பங்கசு இருந்ததா? இல்லை. தொழிற்சாலையில் கலப்படம் எதுவும் அகப்படவில்லை. கரைசல் ஆய்வுகூடச் சோதனையில் சித்தியடைந்தது, அந்தச் சோதனைப் பட்டியலில் பியூசேரியமும் இருந்தது. ஆனால் சோதனையில் புதுப் போத்தலிலிருந்து எடுத்த கரைசலில் கிருமியைப் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் நடக்கிறது வேறு. நேற்றைய கரைசலை ஊற்றாமல் அதற்கு மேல் கொஞ்சம் விட்டு நிரப்புவோம். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போவோம், கரைசல் காயும். லென்ஸை ஈரமாக வைத்திருக்கவெண்டு அதில் சேர்த்த பொருள், காய்ந்ததும் படலமாகிப் பங்கசுக்குப் பாதுகாப்புக் கொடுத்திருக்கலாம் எண்டு பிறகு வந்த ஆய்வுகள் விளக்கின. கண்ணுக்குச் சுகம் எண்டு விளம்பரம் செய்த அதே குணம்.

சிங்கப்பூர் நோயாளிகளில் பெரும்பாலானவர்கள் லென்ஸை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை எண்டும் அங்கே பதிவாகியிருக்கிறது. இதை வைத்து "பாவிச்ச ஆக்களின்ர பிழைதான்" எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மற்றக் கரைசல்களைப் பாவித்தவர்களும் அதே சோம்பேறிகள்தான், அவர்களுக்கு இவ்வளவு வரவில்லை. மனிதர் களைத்துப் போய் இரவு பதினொரு மணிக்குச் செய்கிற வேலையை, ஆய்வுகூடத்தில் வெள்ளை அங்கி போட்டவர் செய்கிற மாதிரிச் செய்வார்கள் எண்டு நம்பி ஒரு பொருளை விற்றால், அந்த நம்பிக்கைதான் முதல் பிழை. அடுத்த வருஷமே, 2007 மே மாதம், வேறொரு கம்பனியின் கரைசல் மீளப்பெறப்பட்டது, இந்த முறை அகந்தமீபாவுக்காக. அந்தக் கரைசலைப் பாவித்தவர்களுக்கு ஆபத்து குறைந்தது ஏழு மடங்கு எண்டு கணித்தார்கள். கிருமிச் சோதனைப் பட்டியலில் அமீபா இருக்கவே இல்லை. எண்பதுகளில் கண்ட நோய்க்கு இருபது வருஷம் கழித்தும் சோதனை இல்லை.

பியூசேரியம் எண்ட பெயரைக் கேட்டு மதுரையில் யாரும் அதிர்ந்திருக்கமாட்டார்கள். அங்கே அரவிந்த் கண் வைத்தியசாலையில் 1994இல் மூன்று மாதத்துக்குள் கோர்னியாப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். கிருமி வளர்ந்தவற்றில் ஏறக்குறைய பாதி பங்கசு, அதில் முன்னுக்கு நின்றது பியூசேரியம். மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்கு அதற்கு முதல் கண்ணில் ஏதோ ஒரு காயம். நெற்தாள் கீறினது, தூசி, தடி. வயலில் வேலை செய்கிறவர்களின் நோய் அது. பணக்கார நகரங்களில் 2006இல் செய்தியான பங்கசு, வயல்களில் அமைதியாகக் கண்ணைக் குருடாக்கிக்கொண்டேதான் இருந்தது. மீளப்பெற அங்கே போத்தல் எதுவும் இல்லை. அந்த நோய்க்கு எந்தத் துளி மருந்து நல்லது எண்ட கேள்விக்கு வலுவான விடை தந்ததும் அந்த ஆட்கள்தான். 323 நோயாளிகளைக் கொண்டு அரவிந்திலும் கலிபோர்னியாவிலுள்ள பங்காளர்களோடும் சேர்ந்து நடந்த பரிசோதனை 2013இல் வெளியானது: விலை கூடிய புது வொரிக்கோனசோலைவிடப் பழைய நட்டமைசின் நல்லது, அதுவும் பியூசேரியத்துக்கு மிகவும் நல்லது. இன்றைக்கு எந்த நாட்டில் லென்ஸால் பியூசேரியம் வந்தாலும் மதுரை விவசாயிகளின் கண்ணில் கற்றுக்கொண்ட பாடம் அங்கே உதவுகிறது.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புண் ஆறி வெள்ளைத் தழும்பாகிவிட்டால், அல்லது கோர்னியா துளைத்துவிட்டால், இன்னொருவரின் கோர்னியாவைப் பொருத்துவதுதான் வழி. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கின இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் முதன்முதலில் வெளிநாட்டுக்குக் கண் அனுப்பினது சிங்கப்பூருக்குத்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உலகத்தில் ஒருவருக்குக் கோர்னியா தேவைப்படும்போது தன் கண்ணைக் கொடுக்கிற ஒருவர் இங்கே எங்கேயோ ஒரு கிராமத்தில் இருந்திருக்கிறார்.

இனி அந்த நிற லென்ஸ். அமெரிக்காவில் 2005இல் சட்டம் மாற்றி, பவர் இல்லாத அலங்கார லென்ஸும் மருத்துவ சாதனம்தான் எண்டு சொன்னார்கள். அதற்கு முதல் அது ஒரு அலங்காரப் பொருள் எண்ட ஓட்டைக்குள் விற்பட்டது. பிரான்ஸில் 2011இல் வெளியான ஆய்வு ஒன்று, அலங்கார லென்ஸ் போடுகிறவர்களுக்குத் தொற்று வருகிற வாய்ப்பு பார்வைக்காகப் போடுகிறவர்களைவிட 16 மடங்குக்கு மேல் எண்டு கணித்தது. லென்ஸின் நிறத்தில் மாயம் ஒன்றும் இல்லை. பார்வைக்காகப் போடுகிறவருக்குக் கண்ணின் வளைவை அளந்து கொடுப்பார்கள், கழற்றக் கழுவச் சொல்லிக்கொடுப்பார்கள், திரும்ப வரச் சொல்லுவார்கள். நிறத்துக்காகப் போடுகிறவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஃபிக் முயலுக்குக்கூடக் கொஞ்ச நேரத்தில் கழற்றிப் பார்த்தார்.

குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி, எச்சில், கொதித்தாறின தண்ணி, இது எதுவும் லென்ஸுக்கு ஆகாது. ஒருவர் போட்டதை மற்றவர் போட ஏலாது, எதில் கழுவினாலும். லென்ஸ் போட்டவருக்குக் கண் சிவந்து, நோ எடுத்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, பார்வை மங்கினால் விடியட்டும் எண்டு காத்திருக்காமல் உடனே கழற்றவேண்டும். ஃபார்மசியில் போய்க் "கண் சிவப்புக்கு ஏதாவது தாங்கோ" எண்டு கேட்டு வாங்கி விடவும் வேண்டாம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் சிவப்புக் குறைந்து சுகமான மாதிரித் தெரியும், உள்ளே பங்கசும் அமீபாவும் இன்னும் வேகமாகப் பரவும். கழற்றின லென்ஸைக் குப்பையில் எறியாமல் அதன் பெட்டியையும் கரைசல் போத்தலையும் சேர்த்துக் கண் வைத்தியரிடம் கொண்டு போங்கள். சில நேரம் கண்ணிலிருந்து எடுத்ததில் அகப்படாத கிருமி, அந்தப் பெட்டியில் மிச்சமிருக்கிற தண்ணியில் அகப்படும்.